நம்பி விழுங்கிய மாத்திரை

நேரு வீதியில் ஒரு கடையில் பல வருடங்களாக நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியவர் தீபலட்சுமி. நின்று நின்று இடது காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டுவிட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் லேசர் வைத்து அதை அடைத்தார்கள். காலுக்கு இறுக்கமான உறையும், தினமும் போட ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்கள்.

"இது எதுக்கு?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"ரத்தம் கட்டாம இருக்கறதுக்கும்மா."

கட்டாத ரத்தம் ஓடிக்கொண்டேதானே இருக்கும்? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. சில நாட்களில் பல் துலக்கும்போது எச்சிலில் சிவப்பு தெரிந்தது. அடிபடாமலே கையில் நீலத் திட்டுகள்.

"ஏங்க, கால்ல பண்ண வைத்தியத்துக்குக் கையில எப்படிங்க கன்னிப்போவும்? நம்மள திரும்ப வரவழைக்கத்தான் இத குடுத்துருக்காங்க."

நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் கணவர் ராஜாங்கம் சிரித்தார். "டாக்டர் மேலயே சந்தேகமா? முழுங்கு."

அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினார். ஆனால் இவர் ஏன் இப்படி வற்புறுத்துகிறார் என்று அதிலும் ஒரு சந்தேகம். மருந்துக் கடைக்காரர் வேறு பெயர் போட்ட அட்டையைக் கொடுத்தபோது அவரோடும் சண்டை. "உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதாம்மா," என்று அவர் சொன்னதை நம்பவில்லை.

ஒரு காலையில் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் நிற்கவே இல்லை. ராஜாங்கம் பதறிப்போய் அதே மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ரத்தத்தை நிறுத்திய பிறகு, காலுக்கு லேசர் வைத்த டாக்டர் நிர்மலாதேவி கேட்டார்: "வேற எதாவது மாத்திரை போடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் நீங்க குடுத்ததுதான்," என்றார் தீபலட்சுமி வெடுக்கென்று.

"அந்தக் கால்வலி மாத்திர?" என்று ராஜாங்கம் இழுத்தார்.

கடையில் நிற்கும் பெண்கள் எல்லாரும் போடுவது அது. வருடக்கணக்காகப் பழகியதால் தீபலட்சுமி அதை மருந்தாகவே நினைக்கவில்லை. லேசர் வைத்த கால் இழுத்துப் பிடித்ததால் இப்போது காலையும் மாலையும் போட்டிருந்தார்.

"ரெண்டும் சேந்தா இப்படித்தான் ரத்தம் வரும்," என்றார் டாக்டர்.

"நீங்க கேக்கவே இல்லியே."

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "கேட்டிருக்கணும். எங்க தப்புதான்."

பழைய மாத்திரையை நிறுத்தி, வலிக்கு வேறு ஒன்று கொடுத்தார்கள். நீலத் திட்டுகள் மறைந்தன. வெள்ளை மாத்திரையும் சீக்கிரமே முடிந்தது. கால் தேறி வேலைக்குப் போனதும், முதலாளியிடம் கேட்டு உட்கார ஒரு ஸ்டூல் வாங்கிக்கொண்டார்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. போன வாரம் ராஜாங்கம் நீட்டிய சத்து மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டர கேட்டுட்டு வரேன்," என்று கிளம்பினார். இந்த முறை ராஜாங்கம் சிரிக்கவில்லை.