நோயெல்லா ஊற்றிய பச்சைத் தண்ணீர்

நோயெல்லா முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை மட்டும் ஓயவில்லை. தபால் வந்தால், யாராவது பிரித்து ஒட்டியிருப்பார்களோ என்று உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று அவளுடையது. பக்கத்து வீட்டு ரெமிமேல் அவளுக்குத் தீராத சந்தேகம். அவன் கொல்லையில் முயல் வளர்த்தான். மதிலோரம் நாறுகிறதென்று நகராட்சிக்கு இவள் மனுமேல் மனு எழுதினாள். அதிகாரி வந்து போனபின் ரெமி முயல்களை யாருக்கோ கொடுத்துவிட்டான். நாற்றம் போகவில்லை. ‘எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான்’ என்று முடிவுகட்டினாள். இருவருக்கும் பேச்சு நின்று பத்தொன்பது வருடம்.

முழங்கால் மோசமானதும் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு நடப்பது பெரும்பாடாகிவிட்டது. அதைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் மாற்ற, எர்ஜான் என்ற பிளம்பரை வரவழைத்தாள்.

“தெருப்பக்கச் சாக்கடைச் சேம்பர்வரைக்கும் புதுக் குழாய் போடணும், மேடம். மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் வாட்டம் வேணும். தரையை வெட்டித்தான் ஆகணும்.”

“பழைய குழாய்லயே சேத்துவிட்டா என்ன? வேலையை இழுக்கப் பாக்குறியா?”

“பழசு எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தானே சேக்க முடியும்?”

அவன் வாளித் தண்ணீரில் பச்சைச் சாயப்பொடியைக் கலக்கிப் பழைய கழிப்பறையில் ஊற்றினான். தெருப்பக்கச் சேம்பரின் மூடியைத் திறந்து காத்திருந்தார்கள். பச்சை வரவே இல்லை.

“நிஜமா ஊத்துனியா, இல்ல ஊத்துன மாதிரி பாவ்லா காட்டுனியா?”

“நீங்களே ஊத்துங்க, மேடம்.”

ஊற்றினாள். சங்கிலியை மூன்று முறை இழுத்தாள். நொண்டி நொண்டிச் சேம்பருக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரெமியின் குரல் வந்தது.

“நோயெல்லா! என்ன கருமத்த ஊத்துற? என் மண்ணெல்லாம் பச்சையாப் பொங்குது!”

“புளுகுறான்” என்றாள் எர்ஜானிடம். ஆனாலும் அவன் கொல்லைக்குப் போனாள்.

முயல் கூண்டு இருந்த மூலையில் மண் பச்சையாக ஊறிக் கிடந்தது. எர்ஜான் மண்வெட்டியால் இரண்டு போடு போட்டான். உடைந்த மண்குழாய் ஒன்று தலைகாட்டியது. அது மதிலுக்கு அடியில், நோயெல்லாவின் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. அதே நாற்றம்.

“நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்தவள் பச்சை படிந்த தன் கையைப் பார்த்தாள். ஊற்றியது அவள் கைதானே.

“பன்னெண்டு முயல்,” என்றான் ரெமி. “என் பொண்டாட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சிருந்தா.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று மாலையே நகராட்சிக்கு எழுதினாள்: நாற்றம் என் வீட்டுக் குழாயுடையது, ரெமிமேல் சொன்னதெல்லாம் தப்பு. ஒரு நகலை அவன் கதவுத் தபால்துளையில் போட்டாள்.

வேலை இரண்டு வாரம் நடந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, எர்ஜான் வைத்த ஒவ்வொரு குழாயின்மேலும் தன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். வாட்டம் எங்கும் பிசகவில்லை. உடைந்த குழாயைத் தோண்டி எடுத்த நாளில் ரெமி கைகட்டி நின்று பார்த்தான்.

“அவ்வளவுதானா? இன்னும் ஏதாச்சும் குழாய் என் பக்கம் வருதா?”

“இல்ல” என்றாள் நோயெல்லா.

“நீ சொன்னா நான் நம்பணுமா? நானே பாக்குறேன்.”

பத்தொன்பது வருடத்துக்குப் பின் அவள் வீட்டுக்குள் வந்தான். சேம்பர் பக்கத்தில் மண்டியிட்டு, “தண்ணிய விடு” என்றான். விட்டாள். “இன்னொரு தடவை.” விட்டாள். நான்காவது தடவையும் அவள் முணுமுணுக்கவில்லை. தண்ணீர் தங்காமல் தெருவுக்கு ஓடியது.

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“காபி இருக்கு” என்றாள்.

“யாரு போட்டது?”

“நான்தான்.”

கோப்பையைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்தான்.

“நீ மொதல்ல குடி.”

அவள் குடித்தாள்.