ஆடியில் ஒரு தேனிலவு

கிள்ளானில் எனக்குக் கல்யாண மணவறை அலங்கரிக்கும் தொழில். தூண், வளைவு, ஆர்க்கிட், விளக்கு, பின்னால் தொங்கும் துணி என்று எல்லாம் என் லோரியில்தான் ஏறும். மேடையை விட்டு இறங்கும் ஜோடியிடம் தேனிலவுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல் என் மனைவி விட்டதே இல்லை. பாலி, புக்கெட், மாலத்தீவு என்று பதில் வரும். கேட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் உடனே ஏதாவது ஒரு தூணைப் பிடித்து ஆட்டிச் சரிபார்ப்பேன்.

எங்கள் கல்யாணம் கார்த்திகையில் நடந்தது. மருதாணி அழியும் முன்பே கிழக்குக் கரையில், திரெங்கானு பக்கத்துத் தீவு ஒன்றுக்குக் கிளம்பினோம். அங்கே முகத்தைத் தண்ணீருக்குள் விட்டால் ஆமை நீந்துவது தெரியும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அதுவரை அவள் பார்த்த கடலில் முழங்காலளவு இறங்கினாலே கால் தெரியாது. படகுத்துறைக்குப் போனால் அங்கே ஒரு படகுகூட இல்லை. பாலத்தின் மேல் அலை ஏறி அடித்துக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா எங்கள் கைகளைப் பார்த்து, பாவம் என்று உச்சுக்கொட்டினார். "தூத்துப், பாஸ். மூசிம் உஜான்." மழைக்காலம், மூடியாச்சு. ஓட்டல் அறையில் மூன்று நாள் சீட்டு விளையாடிவிட்டுத் திரும்பினோம்.

ஒரு தடவை பட்டால் மனிதனுக்குப் புத்தி வர வேண்டும். எனக்கு வரவில்லை. பிள்ளைகளின் வருட நடு விடுமுறை சரியாக வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் வந்து விழும். அப்போது எனக்குக் குளிக்கவே நேரம் இருக்காது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, பள்ளிக்கூடமும் விடுமுறை. ஆகவே மார்கழி வந்தால் காரைக் கிழக்கே திருப்புவோம். மழையும் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல் கொட்டும். ஒரு மார்கழியில் மட்டும் மேற்குக் கரையில் இருக்கும் லங்காவிக்குப் போனோம். நல்ல வெயில். ஊருக்கெல்லாம் சாக்லேட் வாங்கினோம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கேட்டது இது இல்ல" என்றாள்.

இதற்கெல்லாம் தூபம் போட்டவர் என் மச்சான், அவளுடைய அண்ணன். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். நாட்டில் எங்கே எப்போது மழை பெய்யும் என்பது தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பவர். "மாப்ள, டிசம்பர் கடைசியில நின்னுடும் லா. நான் கேரண்டி" என்பார். ஒவ்வொரு வருடமும் கேரண்டி கொடுத்தார், ஒரு வருடமும் எங்களோடு வரவில்லை.

பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகும் பழக்க தோஷத்தில் மார்கழியில்தான் கிளம்பினோம். கடைசியாகப் போனபோது காரக் மலைப்பாதையிலேயே மழை பிடித்துக்கொண்டது. குவாந்தான் கரையில் குடைக்குள் நின்று மண் நிறத்து அலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம். இனிமே இத நான் கேக்க மாட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். அவள் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டாள் என்பது புரிந்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அடுத்த ஆடியில் ஒருநாள் ஸ்டோரில் தூண்களுக்குத் தங்கச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆடியில் எங்களுக்கு வேறு வேலை இல்லை. ஆனியில் எங்கள் மணவறையில் கல்யாணம் முடித்த பெண் ஒருத்தி, என் மனைவியிடம் மணவறைப் படங்களைக் காட்ட வந்தாள். கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள், அவசரத்தில் ஒன்றைக் கூடுதலாகத் தள்ளிவிட்டாள். நீலமும் பச்சையுமாய்க் கடல். அடியில் மணல் தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் அவள் நிற்க, அவள் கால் விரல்கள்கூடத் தெரிந்தன.

"இது எந்த ஊரும்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ரெடாங் தீவு, ஆன்டி. திரெங்கானு பக்கம். போன வாரம் போனோம்."

"போன வாரமா? ஆடியில புதுப்பொண்ணு அம்மா வீட்டுல இல்ல இருக்கணும்?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அத்தைகிட்ட அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். அம்மாகிட்ட அத்தை வீட்டுலயே இருக்கேன்னு சொன்னேன். ப்ளீஸ் ஆன்டி, சொல்லிடாதீங்க."

"அத விடு. மழை இல்லையா?"

"மழையா? வெயில்ல தோலே உரிஞ்சிடுச்சு, பாருங்க."

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சாயம் அடித்த தூணிலேயே கையை வைத்துவிட்டேன். வருடத்தில் எங்களுக்கு ஓய்வு மாதம் ஒன்றல்ல, இரண்டு. கடல் மூடியிருக்கும் மாதத்தில் காரை எடுத்தோம். கடல் திறந்திருக்கும் மாதத்தில் தூணுக்குச் சாயம் அடித்தோம். ஆடியில் நல்லது எதையும் தொடங்கக் கூடாது என்பது மண்டையில் அப்படி ஊறிப்போயிருந்தது. எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே அறை பதிவு செய்துவிட்டு மச்சானுக்கு போன் போட்டுச் சொன்னேன். பதறிவிட்டார்.

"ஆடியிலயா? மாப்ள, ஆடிக்காத்து லா! போட்ட கவுத்துடும்!"

"மச்சான், அந்தக் காத்து தென்மேற்குலேர்ந்து வருது. நடுவுல இவ்ளோ பெரிய மலை நிக்குது. நம்ம தாத்தாமாரு தமிழ்நாட்டுலேர்ந்து காலண்டரைத்தான் கொண்டாந்தாங்க, கடலைக் கொண்டாரல."

"இந்தத் தடவை நான் கேரண்டி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஆனாலும் கிளம்பிய அன்று விடியற்காலையில் கோம்பாக் தாண்டியதும் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெந்தோங்கில் வைப்பரை வேகமாகப் போட வேண்டியிருந்தது. பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் ஏமாற்றினால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஸ்டியரிங்கை நசுக்கிக்கொண்டு ஓட்டினேன். தெமெர்லோ தாண்டியதும் ரோடு காய்ந்திருந்தது. வைப்பர் வெறும் கண்ணாடியில் கிறீச்சிட்டது. அவள்தான் கையை நீட்டி அதை நிறுத்தினாள். அதன் பிறகு வழி முழுக்க வெயில், கண் கூசும் வெயில்! குளிர்சாதனத்தைக் கூட்டிவைத்துவிட்டு இருவரும் காரணமே இல்லாமல் சிரித்தோம்.

படகுத்துறையில் வரிசையாகப் படகுகள். தீவைச் சுற்றிக்கொண்டு போட்டுக்காரர் எங்களையும் இன்னும் சிலரையும் ஒரு குடாவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அவளுக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் பிடி தளர்ந்தது. நானும் குனிந்து பார்த்தேன். எங்களுக்குக் கீழே ஒரு பெரிய ஆமை, யாரையும் பொருட்படுத்தாமல், கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது.

அவள் தலையை நிமிர்த்தி வாயிலிருந்த குழாயைப் பிடுங்கினாள். முகத்தில் வழிந்தது கண்ணீரா கடல்நீரா, தெரியவில்லை.

"ஏங்க, இத்தனை வருஷமா இது இங்கயேதான் இருந்துச்சா?"

"இங்கயேதான் இருந்துச்சு."

தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு மறுபடியும் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக அடி வாங்கியதில்லை.

நேரமாகிவிட்டது என்று போட்டுக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். மற்றவர்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். அவள் மட்டும் அசையவில்லை. எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டேன். தண்ணீரிலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வேணும்னா போங்க. எனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு."

நான் மறுபடியும் தண்ணீரில் குதித்தேன்.