தடியூன்றிப் பாயக் கல்லூரி தேடியது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் துணுக்காயில் கோலூன்றிப் பாய்கிறவனாக இருந்தேன். மூங்கில் தடியை ஊன்றி எழும்பி, உமி நிரப்பிய சாக்குகளின்மேல் விழுவேன். இன்றைய என் வயிற்றைப் பார்த்தவர்கள் இதை நம்புவதில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பிறகான சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் எந்தக் கல்லூரி என்ற பேச்சு வந்தது. பரந்தன் பக்கத்துக் கல்லூரியில் பாய்ச்சல் பழக்க வாத்தியார் இருந்தார். ஆனால் விடுதிக்குக் காசு கட்டவேண்டும். முள்ளியவளை என்றால் பெரியம்மா வீட்டில் தங்கலாம்.

“அங்கை சோறும் சும்மா, படுக்கையும் சும்மா. பிறகென்ன கதை?” என்றார் அப்பா. பெரியம்மாவின் மீன்குழம்பை நினைத்து நானும் ஓமென்றேன். அந்தக் கல்லூரியில் கோலூன்றிப் பாய்வார்களா என்று இருவருமே விசாரிக்கவில்லை.

சைக்கிளில் தடியைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். விளையாட்டு வாத்தியார் சிரித்துவிட்டார்.

“இஞ்சை ஆர் தம்பி இது பாயிறது? எங்களுக்குக் காற்பந்துதான். வேணுமெண்டா இரும்புக் குண்டு எறியிற போட்டிக்கு வாறியோ?”

கேட்டுவிட்டு என் மெலிந்த கையைப் பார்த்தவர், அதையும் தானே வாபஸ் வாங்கினார். பெரியம்மா என் தடியை உடுப்புக் காயப்போடும் கொடிக்கு முட்டாக வைத்தா.

உயர்தரப் பரீட்சை முடித்து ஊருக்கு வந்து ஒருநாள் பாய்ந்து பார்த்தேன். பழைய உயரத்தில் குறுக்குத்தடி நெஞ்சில் பட்டது. உயரத்தைக் குறைத்து வைத்தேன், அப்போதும் தடி விழுந்தது.

“விடடா, மெலியாமலெண்டாலும் வந்தாய்தானே,” என்றார் அப்பா.

மிச்சம் பிடித்த விடுதிக் காசில் என்ன வாங்கினோம் என்று பின்னாளில் கேட்டேன். அவருக்கும் ஞாபகமில்லை.