தெளித்த தண்ணீர் போகும் வழி

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. திருவனந்தபுரத்தில் வடிகால்களுக்குப் பிளான் வரையும் ஆபீஸ் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. எங்கள் மேலதிகாரிக்குப் புத்திசாலி என்றால் ஒரே லட்சணம்தான். கேட்ட வாய் மூடுமுன் பதில் வந்துவிட வேண்டும்.

எங்கள் பிரிவில் மூன்று பேர். எனக்குக் கையில் பென்சில் இருந்தால்தான் மூளை ஓடும். இரண்டாமவர் வாயால் யோசிக்கிறவர். பேசப் பேசத்தான் அவருக்கே விஷயம் பிடிபடும். பிடிபடாவிட்டாலும் பேச்சு நிற்காது. மூன்றாமவர் தெற்கே விளவங்கோடு பக்கத்துக் கிறிஸ்தவர். எதைக் கேட்டாலும், "கண்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன் சார்" என்பார். அதிகாரி அவருக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்தார். அந்த மந்தம் சொன்ன ஒரு கணக்கும் பிசகி நான் பார்த்ததில்லை. அவருடைய தற்காலிக வேலை அந்த வருஷம் நிரந்தரமாக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவராகத்தில் நான் குடியிருந்த அக்ரஹாரத் தெருவுக்கு வடிகால் போட உத்தரவாயிற்று. பேச்சுக்காரர் தெருவின் இரண்டு கோடியிலும் மட்டம் பார்த்தார், நடுவில் நேராக ஒரு கோடு இழுத்தார், சாயங்காலத்துக்குள் பிளானை நீட்டிவிட்டார். அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்றாமவரோ மறுநாள் விடிகிற நேரத்தில் என் வீட்டுக்கு எதிரே வந்து நின்றார்.

"என்ன ஓய், இங்கே வந்து நிக்கறீர்?" என்றேன்.

"பொம்பளைய முற்றம் தெளிக்காங்கல்லா, அந்த வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கேன் சார். ரெண்டு கோடியிலேருந்தும் நடுவுக்குத்தான் வருது. உங்க வீட்டு முன்னாலதான் குழி. இன்னும் ரெண்டு நாள் கண்டுட்டு எழுதித் தாறேன்."

இதை நான் சிரித்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னேன்.

நாலாம் நாள் தெருக்காரர்கள் பெட்டிஷன் கொடுத்தார்கள். வேற்று மதத்தான் ஒருவன், பெண்கள் வாசல் தெளிக்கிற நேரம் பார்த்து வந்து நின்று அவர்களை வெறிக்கிறானாம். தண்ணீரைப் பார்த்த மனுஷனைப் பெண்களைப் பார்த்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், மூன்று வேளையும் சந்தி செய்கிற பெரிய மனுஷர்கள்!

அதிகாரி அவரை எங்கள் முன்னால் நிறுத்தினார்.

"எடோ, எதுக்கு அங்கே போய் நின்னே? இப்பவே மறுபடி சொல்லணும்." மலையாளத்தில் மறுபடி என்றால் பதில்.

அவர் நோட்டைப் பிரித்துப் பக்கத்தைத் தேடினார். பக்கம் அகப்படவில்லை.

"நேரா இருக்கறவனுக்கு மறுபடி சொல்ல நோட்டு எதுக்காக்கும்?" என்று அதிகாரி அதைப் பிடுங்கி மேஜைமேல் எறிந்தார்.

ஓயாமல் பேசுகிறவர் அன்றைக்கென்று வாயைத் திறக்கவில்லை. நானும்தான். நாளைக்குத் தெருவில் யார் முகத்தில் விழிப்பது என்று, வரைகிற காகிதத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. அன்றே அவருக்கு வேலை போயிற்று.

பிளானில் உள்ளபடியே வடிகாலைக் கட்டினார்கள். தெரு குழிந்திருந்த இடத்தில் அதன் கரை எங்கள் வாசலைவிட உயர்ந்து நின்றது. இடவப்பாதி மழை பிடித்த முதல் நாளே தண்ணீர் போக வழியில்லாமல் என் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தில் கணுக்கால் ஆழத்துக்கு நின்றது. அதிகாரி குடையோடு வந்து பார்த்தார். "இது யாருக்குத் தெரியும்!" என்று கையை விரித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தெருமுனை திரும்பியதும், அவரையும் பேச்சுக்காரரையும் தெருக்காரர்களையும் வாய்க்கு வந்தபடி வைதேன்.

நனைந்த அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

"ஏன்னா, அந்த மனுஷர் தண்ணி போற வழியைப் பாத்துண்டு நிக்கறார்னு எங்கிட்டச் சொன்னேளே. ஆபீஸ்லே சொல்லலையா?"

நான் குனிந்து மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.