கடலோரப் பள்ளிக்கூடம் எங்கள் கிணற்றடிக்கு வந்தது

தம்பி படித்த பள்ளிக்கூடம் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறது. அது கடலுக்கு வெகுதூரத்தில், புதுச்சத்திரத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அவன் போன கதை புரியும்.

சர்க்கார் பணம் வாங்காமல் ஒரு பெரியவர் சொந்தமாக நடத்தும் ஆண்பிள்ளைப் பள்ளி அது. பழைய உப்புக் கிடங்கில் தொடங்கினாராம். யுத்தம் வந்து, ஜப்பான்காரன் கடல் வழியாகக் குண்டு போடுவான் என்று பயந்தபோது, பெஞ்சு, கரும்பலகை, பையன்கள் எல்லாவற்றோடும் இங்கே வந்து, எங்கள் சோளக்காட்டை ஒட்டிய நிலக்கடலைக் கிடங்கில் இறங்கினார். பெண்பிள்ளை நான், மாட்டுக்குச் சோளத்தட்டு போடும் சாக்கில் அந்தக் கிடங்கின் சன்னலில் நின்று பார்த்துப் பழகியதுதான் என் எழுத்து.

அலையில் வளர்ந்த பையன்கள், எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

"என்னடா இது, தண்ணி அசையாம பேய் மாதிரி கிடக்கு!"

"கடலோரத்துச் சிங்கமெல்லாம் கெணத்தப் பாத்தே நடுங்குதே!" என்று சிரித்துக்கொண்டே தம்பி குதித்தான்.

அடி தொட்டேன் என்று வாயால் சொன்னால் எங்கள் பக்கம் நம்ப மாட்டார்கள். ஒரு பிடி சேறு எடுத்து வந்து காட்ட வேண்டும். எங்கள் கிணற்றில் அதைப் பார்த்துச் சொல்வது அப்பா. தம்பி சேற்றுக் கையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். பையன்கள் கத்திய கத்தலில் பெரியவரே ஓடி வந்து பார்த்தார். மறுநாள் அவனைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்.

குண்டுப் பயம் தெளிந்து பள்ளி கடற்கரைக்கே திரும்பியபோது பெரியவர் அவனையும் கூட அனுப்பச் சொன்னார்.

"பசங்க கடல்ல குளிப்பாங்க. புதுப் பையனுக்கு இடுப்புல கயிறு கட்டித்தான் விடுவோம். இவனுக்கும் கட்டிடலாமா?"

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏனுங்க, அடிமண்ணு எடுத்துட்டு வாரவனுக்குக் கவுறுங்களா? கடலும் தண்ணிதானுங்களே!"

அப்பா கடலைப் பார்த்ததில்லை. நாங்கள் யாருமே பார்த்ததில்லை. கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் கை கல்லில் படும். கல்லே இல்லாத தண்ணீர் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கயிறு வேண்டாமென்ற பேச்சோடு தம்பி அவர்களோடு போனான்.

போன மாசியில் பெரியவர் தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அடிமண் எடுத்துட்டு வரேன்னு முங்கினானாம். பசங்க கைதட்டக் காத்திருந்தாங்க. அலை இழுத்துட்டுப் போயிடுச்சு."

 அப்பா, "புடிச்சு ஏற ஒண்ணுமே இருக்காதுங்களா அங்க?" என்று கேட்டார்.

பெரியவர் அழுதார். பள்ளியை மூடிவிடப் போவதாகச் சொன்னார். அதை மூடட்டும், இடிந்துகூடப் போகட்டும் என்று எனக்கு இருந்தது. அப்பா கும்பிட்டார்.

"மூடிப்போடாதீங்க சாமி. மத்த பசங்க எங்க போவாங்க?"

பள்ளி நடக்கிறது.

இப்போது கோடை. ஊர்ப் பிள்ளைகள் எங்கள் கிணற்றில் குதிக்கிறார்கள். வேண்டாமென்று சொல்ல அப்பாவுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நேற்று ஒருவன் சேற்றோடு ஏறி வந்து, வழக்கம்போல அப்பாவிடம் கையை நீட்டினான். அப்பா சேற்றைப் பார்க்கவில்லை. அவன் தலையைத் தடவினார்.

"மண்ணெல்லாம் வேண்டாஞ் சாமி. மேல வந்தாப் போதும்."

அவன் சிரித்துவிட்டு மறுபடியும் குதித்தான். தலை தெரியும்வரை அப்பா விளிம்பிலேயே நின்றார்.