கொக்கிக்கு அடியில் இரண்டு புள்ளிகள்

எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். தினமும் பஸ். மற்ற டீச்சர்கள் தொடர்கதை படிப்பார்கள், நான் முன்சீட்டுப் பெண்களின் பிடரியைப் படிப்பேன். முன்பக்கம் பார்த்தால் எல்லாரும் மகாராணிகள்தான். வண்டவாளமெல்லாம் பிடரியில் இருக்கிறது, சங்கிலியின் கொக்கி அங்கேதானே தொங்குகிறது.

திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு குடும்பம் கவரிங் நகை செய்தது. அப்பா, இரண்டு மகன்கள், மூத்த மருமகள், அவ்வளவுதான். போர்டுகூடக் கிடையாது. செம்பில் செய்து தங்க முலாம் போடுவார்கள், மங்கினால் ஒரு தடவை சும்மாவே மறுபடி முலாம் போட்டுத் தருவார்கள். சும்மா என்றால் நம் ஜனங்கள் விடுமா? வேறெங்கோ வாங்கியதையெல்லாம் கொண்டுவந்து உங்கள் சரக்குதான் என்று சத்தியம் செய்தார்கள். அதனால் அந்தக் குடும்பம், கொக்கிக்கு அடியில் தோலைத் தொடும் பக்கத்தில் ஊசிமுனையால் இரண்டு புள்ளி குத்தி வைக்க ஆரம்பித்தது. பெரியவர் இடதுகைக்காரர், அவர் செய்த கொக்கியின் வாய் இடப்பக்கம் திரும்பியிருக்கும். மகன்களுடையது வலப்பக்கம். மருமகள் பதித்த சிவப்புக்கல் எத்தனை வருஷமானாலும் கருக்காது. இதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்ததும் சேர்க்க ஆரம்பித்தேன். பழைய கவரிங்குக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிற பாத்திரக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன், மூட்டையைப் பிரிக்கும் முன் என் வீட்டுக்கு வந்துவிடுவார். பெரியவர் கையால் செய்தவை என்றால் உடைந்திருந்தாலும் எடுத்துக்கொள்வேன். பெரிய பிஸ்கட் டின் ஒன்று நிறைந்து இரண்டாவதும் பாதி ஆகியிருந்தது. டீச்சர் பித்தளை பொறுக்குகிறாள் என்று தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கழுத்தில் கிடந்தது அதே சந்துச் சரக்கு, கேட்டால் அம்மா வீட்டுத் தங்கம் என்பார்கள். நான் மெதுவாகக் கொக்கியைப் பார்ப்பேன், பேச்சு உடனே வெயிலைப் பற்றி மாறிவிடும். இந்தக் கூத்தைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மறைப்பானேன்?

எங்கள் பின்வீட்டில் ஒரு ரயில்வேக்காரரின் மனைவி இருந்தாள். கண்டமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம். அவளுடைய அப்பா போட்டு அனுப்பிய மாங்காய் ஆரம் ஒன்று அவளிடம் உண்டு, சுத்தத் தங்கம். கூடவே மாமியார் ஒருத்தி. அந்த அம்மாளுக்கு ஒரு ஆரம் போதவில்லை. மயிலத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தபோது, மற்ற மருமகள்களெல்லாம் இரண்டு சரம் போட்டுக்கொண்டு வருவார்கள், நம் வீட்டு மானம் என்ன ஆவது என்று நாள் முழுக்கப் புலம்பல். இந்தப் பெண் கொல்லைப்பக்கமாக என்னிடம் வந்தாள். பெரியவர் செய்த மாங்காய் ஆரம் என்னிடம் இருந்தது, அப்போதுதான் சந்தில் கொடுத்துப் புது முலாம் போட்டு வாங்கியிருந்தேன். யாருடையதோ ஒரு தங்க ஆரத்தைப் பக்கத்தில் வைத்து அச்சு அசலாகச் செய்தது, அவளுடையதோடு அப்படியே ஒத்துப்போனது. இரவல் கொடுத்தேன். அம்மா கல்யாணத்துக்கு மட்டும் போட்டுக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள் என்று மாமியாரிடம் ஒரு கதை கட்டிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போய் வந்தாள். வந்ததும் கைக்குட்டையில் சுருட்டி என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டின்னைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான் பிரித்தேன். கையில் எடுத்ததுமே கனம் உறைத்தது. கொக்கியைத் திருப்பினேன், புள்ளி இல்லை. பெண் தன் தங்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டு என் செம்பைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

உடனே எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது மாமியார். ஆரம் மாறிப்போச்சு என்று நான் சொல்ல ஆரம்பித்ததும், உள்ளேயிருந்து வந்த மருமகளின் முகம் வெளுத்துவிட்டது. நான் உங்ககிட்ட எதுவும் வாங்கலையே டீச்சர் என்றாள். சரி, மாமியாருக்குப் பயம், போகட்டும் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் அடிபம்பில் அவளைத் தனியாகப் பிடித்து, உன்னிடம் இருப்பதுதான் என்னுடையது, கொக்கிக்கு அடியில் பார் என்று விஷயத்தை உடைத்தேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எது பளபளன்னு இருக்குதோ அதத்தான் பாத்து எடுத்து வச்சிருக்கறேன். பித்தளைய சேத்துக்கினு இருக்கறவங்களுக்கு என் அப்பா போட்ட தங்கத்து மேல ஏன் டீச்சர் ஆச?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. புது முலாம் தங்கத்தைவிட அதிகமாக மின்னும் என்பதுகூடத் தெரியாத அரைவேக்காடு, என்னைத் திருடி என்கிறாள். அத்தனை தெருப் பிடரிகளையும் படித்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது. அப்படியா சேதி, நீயாகத் தேடிக்கொண்டு வா, காலில் விழுந்து கேள், அப்போது தருகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு ஆரத்தை டின்னில் போட்டு மூடினேன். என் வீட்டுக்காரர், சின்னப் பெண், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று இரண்டு தடவை சொன்னார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

மூன்று மாதம் ஓடியது. அவள் வரவில்லை. அவள் தண்ணீர் அடிக்க வரும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே அவள் கழுத்தைப் பார்த்துச் சிரிப்பேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். அந்தக் கேவலமான விளையாட்டு எனக்கு இனித்தது.

அவளுடைய நாத்தனாருக்கு நிச்சயம் ஆயிற்று. மருமகளின் ஆரத்தை அழித்து மகளுக்கு வளையல் பண்ணலாம் என்று மாமியார் ஆசாரியிடம் எடுத்துப் போனாள். ஆசாரி உரைத்துப் பார்த்துவிட்டுச் செம்பு என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் திண்டிவனத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்தால் தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பாவைக் கண்டமங்கலத்திலிருந்து வரவழைத்து நடுத்தெருவில் நிற்க வைத்தார்களாம். கவரிங்கைப் போட்டுப் பெண்ணைத் தள்ளிவிட்டாயே என்று மாமியார் ஆரத்தை அவர் மேல் விட்டெறிந்தாளாம். அந்த மனுஷன் கீழே குனிந்து அதை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமலேயே எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம். பெண்ணையும் டிரங்குப் பெட்டியையும் அவரோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். இரவல் விஷயத்தை அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வாங்கவே இல்லை என்றாயே, எது பொய் என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள்.

என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. காலையில் லீவு சொல்லிவிட்டு ஆரத்தோடு முதலில் அந்த மாமியாரிடம் போய் நின்றேன். மகன் முன்னால், ஆசாரியையும் வரவழைத்து, உரைத்துக் காட்டினேன். மாமியார் முகத்தில் வெட்கம் வரும் என்று பார்த்தேன். பரவாயில்லையே, தங்கம்தான் என்றாள், அவ்வளவுதான். இவளுக்குப் போய் ஒரு பெண் இரண்டு சரம் போட்டுக் காட்ட ஆசைப்பட்டாளே. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், உங்கள் பிள்ளை பின்னாலேயே வந்து பெண்ணைக் கூப்பிடட்டும் என்று சொல்லிவிட்டுக் கண்டமங்கலம் பஸ் பிடித்தேன்.

வாசலில் அப்பாவும் மகளும் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். இரவல் போனதில் ஆரம் மாறிவிட்டது, என்னிடம்தான் இருந்தது, உங்கள் சம்பந்தி வீட்டில் உரைத்துக் காட்டிவிட்டேன், மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுந்து நின்று, நேற்று அந்தத் தெருவில் கும்பிட்டது போலவே, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்க மானத்த காப்பாத்திட்டீங்க தாயே. நீங்க மவராசியா இருக்கணும்."

மகள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், என்னுடைய கவரிங்கையும் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். நீ பம்பில் பேசிய பேச்சு அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த வெயிலில் எனக்கே அது கேவலமாகப் பட்டது. மன்னித்துவிடு என்றேன். பஸ் வருவது தெரிந்தது.

"மூணு மாசமா தெரியும் உங்களுக்கு. அத எங்கப்பாகிட்ட சொல்ல மாட்டேன் டீச்சர்," என்றாள். "ஒரு நல்லவங்கள பாத்தோம்னு அவரு நெனச்சிக்கினு இருக்கட்டும்."