ஐந்தருவித் துண்டுகளும் தங்கையின் பொடியும்

என் தங்கை மீன் குடலிலிருந்து துணி துவைக்கிற பொடி செய்கிறாள். ஊரே அவளைக் கொண்டாடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

உயிர்வேதியியலை முதலில் படித்தவள் நான். என்னைப் பார்த்துத்தான் அவளும் அதில் சேர்ந்தாள். மேலகரத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்த்தி வைத்து, என்சைம் எப்படிக் கொழுப்பை உடைக்கும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இப்போது நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அவளோ தென்காசி மீன் கடைகளில் தூக்கிப்போடுகிற குடலை ஐஸில் போட்டு வாங்கிவந்து அரைத்து, அதிலிருக்கும் என்சைம் நிறைந்த செரிமானச் சாற்றைப் பிரித்துக் காயவைக்கிறாள். தோல் பதனிடுகிறவர்கள் ஆட்டுத்தோலில் முடி நீக்கவும் அதைக் கேட்கிறார்களாம். "பாத்தியாட்டி ஒன் தங்கச்சிய!" என்று அம்மா என்னிடமே வந்து சொல்லுவாள்.

இந்தச் சாரல் சீசனுக்கு அவள் கண் வைத்தது குற்றால லாட்ஜுகள் மேல். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள், மிச்ச எண்ணெயைத் துண்டிலும் விரிப்பிலும் அப்பிவிட்டுப் போவார்கள். ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் அவள் பொடியைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். சரிப்பட்டால் சீசன் முழுக்க அவளுடையதுதான்.

மறுநாளே மேலாளர் அவளுக்குப் போன் செய்துவிட்டார். எண்ணெய் அப்படியே இருக்கிறதாம், மீன் வாடை வேறாம். அவள் அன்று தூத்துக்குடியில் இருந்தாள். "யக்கா, நீ கொஞ்சம் அங்கன போய்ப் பாரேன்" என்று என்னிடம் அழாத குறையாகக் கெஞ்சினாள். பாசத்தால் போனேன் என்று சொல்ல ஆசைதான். அவளுக்கு வராதது எனக்கு வரும் என்று காட்டவே போனேன்.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. சலவை செய்கிறவர்கள் எண்ணெய்த் துண்டை அண்டாவில் கொதிக்கவைத்தே பழகியவர்கள். பொடியையும் கொதிக்கிற தண்ணீரில் கொட்டியிருந்தார்கள். கூடாது என்று சொல்ல என் தங்கைக்குத் தோன்றவே இல்லை. அதில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"அடுப்ப அணைங்க. சூடு பட்டா முட்ட வெள்ளக்கரு மாதிரி இது வெந்து போயிரும். குளுந்த தண்ணில கெடக்க மீனுதான, அதோட சாறும் குளுந்த தண்ணிலதான் வேல செய்யும்" என்றேன்.

புதுப் பொடியைக் குழாய்த் தண்ணீரில் கலந்து, துண்டுகளை நானே அமுக்கி ஊறவைத்தேன். மத்தியானம் அலசியபோது பிசுக்கும் இல்லை, வாடையும் இல்லை. மேலாளர் துண்டை முகர்ந்து பார்த்தார். அங்கேயே தங்கைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, ஆர்டர் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

"ஒங்க அக்காவுக்கு நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கிய. ஒரு எழுத்து பிசகாம சொல்லுதாவ!"

எனக்குக் காது சுட்டது. தங்கை பதறிப்போனாள். "அய்யோ அண்ணாச்சி, எனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்ததே அக்காதான். என்னையவிட அவளுக்குத்தான் நெறையத் தெரியும்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். கேலி ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்கிற ஆசையில்தான் கேட்டார்.

"அப்படியா? அப்ப நீங்க ஏன் இதச் செய்யல?"

பஸ் ஏறும் வரை பதில் தேடினேன். வாயில் வந்ததெல்லாம் தங்கையைத் திட்டுகிற வார்த்தைகள்தான்.